கணக்கு பெண்ணின் பெயரில், பணம் யார் கையில்? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான வழிகாட்டி

வளரும் நாடுகளில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு 2011 முதல் 2017 வரை ஏறத்தாழ 9 சதவீதப் புள்ளிகளாகவே நின்று, 2021-இல்தான் 6 புள்ளிகளாகக் குறைந்தது என்று உலக வங்கியின் ‘குளோபல் ஃபின்டெக்ஸ்’ கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. அந்த ஆண்டில் பாகிஸ்தானில் ஆண்களில் 28 சதவீதத்தினரும் பெண்களில் 13 சதவீதத்தினரும் மட்டுமே கணக்கு வைத்திருந்தனர். இந்தியாவில் நிலைமை வேறு. 2011-இல் ஆண்களில் 44 சதவீதத்தினருக்கும் பெண்களில் 26 சதவீதத்தினருக்கும் கணக்கு இருந்தது; 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கப்பட்ட ஜன்தன் திட்டத்துக்குப் பிறகு அந்த வேறுபாடு வேகமாகக் குறைந்து, 2021-இல் ஏறக்குறைய இல்லாமலே போனது. ஆனால் அதே கணக்கெடுப்பில் இந்தியாவில் கணக்கு வைத்திருந்தோரில் 35 சதவீதத்தினர் ஓராண்டாக அதில் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்று தெரியவந்தது; இப்படிக் கணக்கைத் தொடாமலே வைத்திருப்பது ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாக இருந்தது.

தருமபுரிக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது ஒருங்கிணைந்த தருமபுரி மாவட்டத்தில்தான்; கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004-இல். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமும் 2023 ஜூலை 24 அன்று தொப்பூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆகவே இவ்விரு மாவட்டங்களில் கணக்கே இல்லாத பெண்ணைக் காண்பது அரிது; தன் கணக்கில் இன்று எவ்வளவு இருக்கிறது என்று சொல்லத் தெரியாத பெண்ணைத் தேடி அடுத்த தெருவுக்குப் போக வேண்டியதில்லை.

இந்த வழிகாட்டி குழு ஊக்குநருக்கும், படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கோ மகனுக்கோ, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வங்கி வேலையில் துணைபோகும் எவருக்கும் உரியது. நீங்கள் செய்ய வேண்டியது அவருக்காக வங்கிக்குப் போவதன்று. அவரே போகும்படி செய்வது.

பாஸ்புக்கை அவரோடு உட்கார்ந்து படியுங்கள்

முதலில் அவருடைய பாஸ்புக்கில் கடைசி ஓராண்டுக்கான என்ட்ரி போட்டு வாங்கச் சொல்லுங்கள். “எனக்கென்ன தெரியும் கண்ணு, எல்லாம் பெரியவன் பாத்துக்குவான்” என்ற பதில் வந்தால், பெரியவன் பார்ப்பதைத் தடுக்க வரவில்லை, நீங்களும் பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன் என்று சொல்லி உட்காருங்கள். வீட்டிலுள்ள ஆண்களைக் குற்றவாளிகளாக்கித் தொடங்கும் உதவி இரண்டாவது நாளே வாசலில் நின்றுவிடும்.

ஒவ்வொரு வரியாகத் தேதி, எடுத்தது, போட்டது, இருப்பு என்று விரல் வைத்துப் படியுங்கள். பல பாஸ்புக்குகளில் ஒரே மாதிரியான பக்கம் தென்படும்: மாத நடுவில் 1,000 ரூபாய் வரவு, மறுநாளே 1,000 ரூபாய் எடுப்பு, மீதி 43 ரூபாய், அடுத்த மாதமும் அதே. இடையில் நூறு நாள் வேலைக் கூலி ஒன்றிரண்டு முறை மொத்தமாக வந்திருக்கும். அதுவும் மறுநாளே வெளியேறியிருக்கும். வந்த பணத்தை உடனே எடுப்பது தவறு என்று உபதேசம் செய்யத் தேவையில்லை. மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் தேவைப்படும் பணம் கணக்கில் தூங்காது. கேட்க வேண்டியது ஒன்றே: இந்த எடுப்பை எடுத்தவர் யார், அவர் எடுத்தபோது உங்களிடம் சொன்னாரா? ஒவ்வொரு எடுப்புக்கும் அவர் பதில் சொல்லி முடிக்கும்போது, சிக்கல் எங்கே இருக்கிறது என்பது நீங்கள் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிடும்.

மே மாதக் கடைசியில் 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கான ஓராண்டுப் பிரீமியம். 20 ரூபாய் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கானது. இரண்டிலும் காப்பீட்டுத் தொகை 2 லட்சம் ரூபாய், காலம் ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை. ஏதோ பேங்க்காரர் பிடித்துக்கொண்டார் என்று எண்ணி, தனக்குக் காப்பீடு இருப்பதே தெரியாமலும், வீட்டாருக்குச் சொல்லாமலும் ஆண்டுக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மே கடைசி வாரத்தில் கணக்கில் அந்தத் தொகை இல்லாவிட்டால் காப்பீடு நின்றுவிடும் என்பதையும், வாரிசாக யார் பெயரைக் கொடுத்தோம் என்பதையும் அவர் தெரிந்திருக்க வேண்டும். கணக்குக்கு வாரிசு நியமிக்காமல் இருந்தால் அன்றே படிவம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை வாரிசாக நியமிக்க இயலும்.

இருப்புக் குறைவுக்காக அபராதம் பிடித்திருந்தால், அது சாதாரணச் சேமிப்புக் கணக்கு என்று பொருள். அதே வங்கியில் அதை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, மாதம் 4 முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். இரண்டு ஆண்டுகளாகத் தொடாத கணக்கைச் செயலற்ற கணக்கு என்று வங்கி ஒதுக்கி வைக்கும். ஆதாரோடு போய் விவரங்களைப் புதுப்பித்தால் கட்டணம் இல்லாமல் மீண்டும் இயங்க வைக்க வேண்டும். செயலற்றிருந்த காலத்துக்கு இருப்புக் குறைவு அபராதம் விதிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

கைப்பேசி எண், அட்டை, கைரேகை

கணக்கு யாருடையது என்பதை இன்று பாஸ்புக்கைவிட அதில் பதிவாகியுள்ள கைப்பேசி எண்ணே தீர்மானிக்கிறது. பணம் வந்த செய்தியும், ஓடிபியும், புதிய கடனுக்கான ஒப்புதலும் அந்த எண்ணுக்குத்தான் போகின்றன. பெரும்பாலான பெண்களின் கணக்கில் கணவர் எண்ணோ மகன் எண்ணோ இருக்கிறது. அதற்குத் தீய நோக்கம் கற்பிக்க வேண்டியதில்லை. கணக்குத் தொடங்கிய காலத்தில் அந்த வீட்டில் ஒரே ஒரு போன்தான் இருந்திருக்கும். இப்போது அவருக்கென்று ஒரு சிம் கார்டு இருந்தால், சாதாரண பட்டன் போனாக இருந்தாலும் போதும், கிளைக்கு நேரில் போய் எண் மாற்றும் படிவம் கொடுத்து மாற்றிவிட வேண்டும். ஆதாரில் பதிவான எண்ணையும் ஆதார் சேவை மையத்தில் மாற்றிக்கொள்வது நல்லது. இரண்டும் வெவ்வேறு எண்களாக இருப்பதால் ஏற்படும் அலைச்சல் சொல்லி மாளாது.

இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. அரசு ஆதார் வழியாக அனுப்பும் உதவித்தொகை, கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார் அதற்கென இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்கில் போய் விழும். வாரக் குழுக் கடனுக்காகப் புதிதாகத் தொடங்கிய கணக்கில் உதவித்தொகை சேர்ந்துகொண்டிருக்க, பழைய பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு மாதந்தோறும் கிளைக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம், அல்லது வங்கியில் கேட்கலாம். மாற்ற வேண்டுமானால் வேண்டிய வங்கியில் எழுத்து மூலம் கேட்டால் போதும்.

ஏடிஎம் அட்டையும் அதன் ரகசிய எண்ணும் வேறொருவரிடம் இருந்தால், சண்டை இல்லாத வழி, அட்டை தொலைந்ததாகச் சொல்வதன்று. புதிய ரகசிய எண்ணை அவரே இயந்திரத்தில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது. ஒருமுறை பழகிவிட்டால் அச்சம் போய்விடும். ஜன்தன் கணக்கின் ரூபே அட்டையோடு வரும் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, 2018 ஆகஸ்ட் 28-க்குப் பிறகு தொடங்கிய கணக்குகளுக்கு உரியது; அட்டை 90 நாளுக்குள் ஒருமுறையாவது பயன்பட்டிருந்தால்தான் அது செல்லும். இதுவே அட்டையை அலமாரியில் பூட்டி வைக்காமல் இருக்கப் போதுமான காரணம்.

சித்தேரி மலையிலிருந்தும் அஞ்செட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் கிளைக்கு வந்து போக ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால், ஊருக்குள் கைரேகை வைத்துப் பணம் தரும் வங்கி முகவரையோ தபால்காரரையோதான் அங்குள்ள பெண்கள் நம்பியிருக்கிறார்கள். மாசி, பங்குனியில் புளி உடைத்துத் தட்டும் பெண்களின் விரல் ரேகை தேய்ந்து, கருவி அதைப் படிக்க மறுப்பது வழக்கம். விரலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பாருங்கள். அப்படியும் விழாவிட்டால் கருவிழிக் கருவி உள்ள இடத்தில் எடுக்கலாம், ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம். கிளைக்கே போனால் பணம் எடுக்கும் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து எடுப்பதற்குக் கைரேகைக் கருவி தேவையே இல்லை. முகவரிடம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ரசீது கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ‘ரேகை விழவில்லை, இன்னொரு தரம் வைங்க’ என்று சொல்லப்பட்டால், முந்தைய முயற்சியில் பணம் போய்விட்டதா என்று அவருடைய போனுக்கு வந்த செய்தியைப் பார்த்த பிறகே மறுபடி விரலை வைக்க வேண்டும். கைப்பேசி எண் அவருடையதாக இருக்க வேண்டும் என்று மேலே வலியுறுத்தியதன் பயன் இங்கேதான் தெரியும்.

பணம் எந்தப் பெயரில் நுழைகிறது

கணக்கைச் சரிசெய்த பிறகும் அதில் வருமானம் வந்து சேராவிட்டால் பயன் இல்லை. இரண்டு மாவட்டங்களிலும் மாட்டுக்குத் தீவனம் வைப்பதும் சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் பெரும்பாலும் பெண்கள். ஆனால் பால் சொசைட்டியில் உறுப்பினர் அட்டை ஆணின் பெயரில் இருந்தால் பால் பணம் அவர் கணக்குக்கே போகும். பட்டுக்கூடு விற்ற பணமும் தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் பதிவான விவசாயியின் பெயருக்குத்தான் வரும். உறுப்பினர் பெயரை மாற்றுவதோ, மனைவியின் பெயரில் தனி உறுப்பினராவதோ சங்கத்தில் விண்ணப்பித்துச் செய்யக்கூடிய வேலைதான். என் கருத்தில், வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யலாம். ஏனெனில் மாதாமாதம் வரவு விழும் கணக்கைக் காட்டித்தான் பின்னால் கடன் கேட்க முடியும். ஓசூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களின் சம்பளக் கணக்குக்கும் இதே கேள்வி பொருந்தும்: சம்பளம் அவர் பெயரில் வருகிறது, அட்டை ஊரில் அப்பாவிடம் இருக்கிறதா?

மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஒரு களஆய்வில், நூறு நாள் வேலைக் கூலியைக் குடும்பத் தலைவரின் கணக்குக்குப் பதில் பெண்ணின் சொந்தக் கணக்கில் செலுத்தி, அதை இயக்கவும் பயிற்சி தந்தபோது, பெண்கள் வேலைக்குச் செல்வது கூடியது. பயிற்சி இல்லாமல் கணக்கு மட்டும் தரப்பட்டவர்களிடம் அத்தகைய மாற்றம் ஏற்படவில்லை.

கடன்

சிக்கல் மிகுந்த பகுதி இதுதான், ஏனெனில் இவ்வூர்களில் பெண்களுக்குக் கடன் கிடைப்பதில்லை என்று சொல்லவே முடியாது. எளிதாகவும் அதிகமாகவும் கிடைக்கிறது. எந்த வட்டிக்கு, யாருடைய செலவுக்கு என்பதே கேள்வி.

வட்டியை ஒப்பிட, எல்லாவற்றையும் ஊர்க் கணக்குக்கு மாற்றிப் பேசுங்கள். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். மகளிர் குழுவுக்கு வங்கி 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டியில் தரும் கடன், நூற்றுக்கு மாதம் 58 பைசா. வாரக் குழுக்காரர் “வருசத்துக்குப் பன்னெண்டு பர்சென்ட்தான்” என்றால், அது குறையும் நிலுவைக்கா, முதல் தொகை முழுமைக்குமா என்று கேளுங்கள். 40,000 ரூபாயை இரண்டு ஆண்டில் மாதத் தவணையாகக் கட்டும்போது முழுத்தொகைக்கும் 12 சதவீதம் போட்டால், தவணை 2,067 ரூபாய். உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டிவிடும். கணக்குப் போடத் தெரியாவிட்டாலும் வழி உண்டு: உண்மையான ஆண்டு வட்டியைக் காட்டும் விவரத்தாளைக் கடன் கொடுப்பவர் தந்தாக வேண்டும்.

ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்குப் பிணையின்றித் தரப்படும் நுண்கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 1 முதல் சில கட்டுப்பாடுகளை விதித்திருக்கிறது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 15,000 ரூபாய் வருமானம் உள்ள வீட்டுக்கு 7,500 ரூபாய்தான் உச்சம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கடனோடு காப்பீட்டையோ வேறு பொருளையோ கட்டாயமாகத் தலையில் கட்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது. மிரட்டுவதும், அக்கம்பக்கத்தார் முன் இழிவாகப் பேசுவதும் கூடாது. கடன் அட்டை கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் இதைத் தயங்காமல் கேட்கலாம்.

மகளிர் குழுக் கடனைப் பொறுத்தவரை, 10 லட்சம் ரூபாய் வரை வங்கி பிணை கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கைக் கடனுக்காக முடக்கி வைக்கவும் கூடாது. குழுவுக்குள் நடக்கும் தவறுகளுக்குத் தீர்வு தீர்மான நோட்டில் இருக்கிறது: யாருக்கு எவ்வளவு, எதற்காக, எத்தனை தவணை என்பதைக் கூட்டத்திலேயே வாய்விட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஊக்குநரே எல்லோருடைய பாஸ்புக்கையும் பையில் வைத்திருப்பது வசதிதான். ஆனால் நல்ல ஊக்குநர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வண்டி வாங்கவும் கிணறு வெட்டவும் கணவருக்காகத் தன் பெயரில் கடன் வாங்கிக் கொடுக்கும் பெண், தவணை தவறினால் அது தன் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில்தான் ஏறும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். 300 முதல் 900 வரையுள்ள அந்த மதிப்பெண்ணையும் முழு அறிக்கையையும் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம். வாங்கிப் பார்த்தால், தாம் வாங்காத கடன் ஒன்று தம் பெயரில் இருப்பதைச் சிலர் கண்டுபிடிப்பார்கள். அதை உடனே எழுத்து மூலம் மறுக்க வேண்டும்.

குழுவை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்க நினைப்பவருக்கு முத்ரா கடனில் முதல் படி 50,000 ரூபாய் வரை; ஆடு, மாடு வளர்ப்புக்குக் கிசான் கடன் அட்டை உண்டு, 2025 முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணை வேண்டியதில்லை. ஜன்தன் கணக்கை ஒழுங்காக நடத்தியவருக்கு 10,000 ரூபாய் வரை மிகைப்பற்று வசதி, அதாவது கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுத்துப் பிறகு கட்டும் வசதி, இருக்கிறது. வீட்டுக்கு ஒருவருக்குத் தரப்படும் அந்த வசதியில் பெண்ணுக்கே முன்னுரிமை என்பது பலருக்குத் தெரியாது. விண்ணப்பம் கொடுத்தால் ஏற்புச் சீட்டுக் கேளுங்கள். கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றால், எந்த விதியின்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கடனை மறுத்தாலும் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிப்பது வங்கியின் கடமை. இந்தக் கோரிக்கையைப் பணிவாக வைத்தாலே பல மறுப்புகள் மறுபரிசீலனைக்குப் போகும்.

பெரிய கடனுக்கு நிலமோ வீடோ பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1989-இலிருந்தே பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சட்டப்படி பங்கு உண்டு, ஆனால் பட்டா அண்ணன் தம்பி பெயரிலேயே மாறுகிறது. புதிதாக வாங்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

தவறு நடந்தால்

கணக்கிலிருந்து தெரியாமல் பணம் போயிருந்தால் நேரம்தான் முக்கியம். இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசி, வங்கிக்கும் எழுத்து மூலம் சொல்லுங்கள். வெளியார் செய்த மோசடியாக இருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது. வேறு குறைகளுக்கு முதலில் கிளையிலேயே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலோ தபாலிலோ புகார் அனுப்பலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. விவரம் கேட்க 14448. மாவட்ட அளவில் எல்லா வங்கிகளையும் ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் இருக்கிறார். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் வங்கி தொடர்பான மனுவும் அவரிடம் போய்ச் சேரும். மனுவை அந்தப் பெண்ணே தன் பெயரில், தன் கைப்பேசி எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுக்கட்டும். பதில் வரும்போது தகவல் அவருக்கே வரும்.